சுவரில் பூத்த உப்பு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று சொல்லி வைத்தார்கள். கட்டுவதன் தொல்லையையும் மணமுடிப்பதன் தொல்லையையும் அறிந்த அந்தப் பழமொழிக்காரர், கட்டிய வீட்டை விற்கப் புறப்பட்டவனின் தொல்லையை ஏனோ அறிந்தாரில்லை! அறிந்திருப்பின் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நம் பெற்றோர் வாழ்ந்த வீட்டை, கடந்த கார்த்திகையிலும் மார்கழியிலுமாக நாற்பது நாட்கள் விற்பனைக்கு ஆயத்தம் செய்தோம். அந்த மூன்றாம் பாடத்தையும் படித்தோம். கையிலே நாற்பதாயிரம் ரூபாய், தலைக்கு மேலே மழை, காதருகே தரகர், நெஞ்சுக்குள்ளே ஒரு வெட்கம். அந்த வெட்கத்தின் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

எக்கியார்குப்பம் பெரிய ஊரன்று. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் வானத்தைக் கண்ணாடியாய்க் காட்டும் உப்பளப் பாத்திகள். அவற்றுக்கு அப்பால் கழுவெளி. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். இலக்கியப் பெருமை அத்துணை பழமையானது. ஆனால், இன்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் மற்றவர் நினைவுக்கு வருவது அந்தப் பெருமையா? 2023 மே மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் இங்கே எளியோர் பலரின் உயிரைக் குடித்ததே, அதுதான் நினைவுக்கு வருகிறது. வீடு பார்க்க வந்த முதல் ஆள், வாசற்படி ஏறுமுன் கேட்ட முதற்கேள்வி, “சாராயச் சாவு நடந்த ஊர்தானே இது? ஏதாவது பரிகாரம் செய்தார்களா?” என்பது!

பரிகாரமாம்! மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். உடலுக்குள் சென்றதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது, குருதியை அமிலமாக்குகிறது, உயிரைப் பறிக்கிறது. அதனைச் சாராயமென்று விற்றவன் மனிதன். வாங்கிக் குடித்தவன், உழைத்த களைப்பை ஒரு நாழிகை மறக்க எண்ணிய மனிதன். இதிலே கோளுக்கு என்ன வேலை, நாளுக்கு என்ன வேலை? குற்றத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும். குடியை ஒழிக்க அறிவும் வாழ்வும் வேண்டும். ஓமப்புகை எதற்கு வேண்டும்? இதைச் சொன்னோம். வந்தவர் திரும்பிப் போனார். விற்பனையின் முதல் நாள் இப்படிக் கழிந்தது.

நம் தந்தையார் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஊரார் அந்த வீட்டை ‘வாத்தியார் வீடு’ என்றே அழைப்பர். 1974-இல் நத்தம் நிலத்தில் மனை வாங்கி, 1979-இல் மூன்று அறையும், சமையற்கட்டும், முன்புறம் ஒரு சிறு கான்கிரீட் முகப்பும் கட்டினார். பூசையறை இல்லை, அந்த இடத்தில் புத்தக அலமாரி. இயக்க ஏடுகளை அடுக்கி, நூல்கொண்டு தைத்து, ஆண்டுவாரியாக வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, கரையோரத்துக் குடும்பங்கள் சில, அந்தப் புத்தகங்களுக்கு இடையே பாய்விரித்துப் பத்து நாட்கள் தங்கின. யார் என்ன சாதி என்று எவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தனர்.

தந்தையார் 2009-இல் மறைந்தார், உயில் எழுதவில்லை. தாயார் 2023-இல் மறைந்தார். அவருடைய கடைசி மருத்துவத்துக்கு வாங்கிய கடன் இரண்டு இலட்சம் ரூபாய். வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு. அதாவது, விடிந்தாலும் மழை பொழிந்தாலும் மாதம் நான்காயிரம் ரூபாய் கரைந்து கொண்டேயிருந்தது. வீடோ பூட்டிக் கிடந்தது. பூட்டிய வீடு உறங்குவதில்லை, தோழர்களே. அது தன்னைத் தானே தின்கிறது. கடற்கரையில் அது இரு மடங்கு விரைவாகத் தின்கிறது.

கார்த்திகை மழையில் கதவைத் திறந்தபோது கண்ட காட்சி இது: சுவர்களின் அடிப்பாகம் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. அதற்கு மேலே வெள்ளை வெளேரென்று பஞ்சு போல ஏதோ பூத்திருந்தது. தொட்டால் சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. கீல்கள் துருவேறிக் கதறின. தளத்தின் வடிநீர்க் குழாயில் வேப்பிலையும் சருகும் அடைத்து, மேலே குளம் கட்டி நின்றது. முகப்பின் அடிப்புறத்தில் நீளமாய் ஒரு வெடிப்பு. அதன் வழியே செம்மண் நிறத்தில் துருநீர் கசிந்த சுவடு.

தரகர் வந்தார். அவருடன், அழைக்காமலே ஒரு வாஸ்து வல்லுநரும் வந்தார். கையிலே காந்த ஊசிப் பெட்டி. நெற்றியிலே மூன்று நிறக் குறிகள். சுவரில் பூத்ததைச் சுட்டி, “தோஷம்” என்றார். சமையற்கட்டு ஈசானிய மூலையில் இருப்பதைச் சுட்டி, “அக்கினி இருக்க வேண்டிய இடம் தென்கிழக்கு, அதனாலேதான் கடன்” என்றார். அடுப்பை இடம் மாற்றி, ஒரு வாசலை அடைத்து, வேறொரு வாசலைத் திறக்க ரூ. 1,20,000 ஆகுமென்று கணக்கும் தந்தார். கடன் தீர வழி கேட்டோம். கடன் வளர வழி சொன்னார்!

நேர்மையாக ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். விறகடுப்புக் காலத்தில் சமையற்கட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்பது ஒரு பொருளுடைய கேள்வியே. கிழக்குக் கடற்கரையில் பிற்பகலில் கடலிலிருந்து காற்று வீசும். வடகிழக்கு மூலையில் விறகெரித்தால் புகை வீடு முழுதும் பரவும். நம் தாயார் அந்தப் புகையில் கண் கசக்கியதை நாம் கண்டிருக்கிறோம். காற்றறிந்து அடுப்பு வை என்றால் அது அறிவு. ஆனால் எரிவாயு அடுப்பு வந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும், மூலைக்கொரு தேவனை உட்கார வைத்து, அவனுக்கு வாடகை வாங்குவதை என்னென்பது? வாணிகம் என்பதன்றி வேறென்ன பெயர் அதற்கு?

அந்தத் தோஷத்தின் உண்மைப் பெயரை நமக்குச் சொன்னவர் ஓர் உப்பளத் தொழிலாளி. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும்; தை வரை அளத்தில் வேலை இல்லை. வேலையற்ற அந்த மாதங்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசு 2022-இல் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ. 5,000 மழைக்கால உதவி வழங்கத் தொடங்கியது. அந்நாட்களில் கிடைத்த கூலிக்கு வருகிறவர்களில் ஒருவர் நமக்கு வெள்ளையடிக்க வந்தார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். சுவரில் பூத்ததை விரலால் வழித்து, நாவில் வைத்துப் பார்த்து, சிரித்தார்.

“பாத்தியில பூத்தா உப்புங்கிறோம், செவுத்துல பூத்தா தோஷங்கிறாங்களா? நல்லாருக்கே தம்பி கதை!”

பல்கலைக்கழகத்தில் படித்த அறிவியலை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார் அந்தப் பெரியவர். பாத்தியில் நடப்பது என்ன? நீரை வெயில் உறிஞ்சுகிறது, உப்பு மிஞ்சுகிறது. சுவரில் நடப்பதும் அதுவே. நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. ஏறும்போது மண்ணின் உப்பையும் சாந்தின் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிறது, உப்பு படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டுமே! அது சாந்தைப் பிளந்து இடம் தேடிக் கொள்கிறது. இவ்வளவுதான் தோஷம். இதற்குப் பரிகாரம் செய்யும் புரோகிதனுக்கு நார்த்தூரிகை என்று பெயர்.

“கழுவிடலாமா?” என்று கேட்டோம். பெரியவர் தலையசைத்து மறுத்தார். நீரூற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் கரைந்து சுவருக்குள்ளேயே போய் ஒளிந்து கொள்ளும். காய்ந்த நாள் பார்த்து, உலர்ந்த தூரிகையால் தேய்த்து உதிர்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். சில நாள் விட்டு மீண்டும் பூக்கும். மீண்டும் தேய்க்க வேண்டும். பூப்பது குறைந்த பிறகே வெள்ளை. நாங்கள் மூன்று முறை தேய்த்தோம்.

தரகரின் யோசனை வேறு. “எதுக்கு சார் இவ்வளவு பாடு? பட்டி போட்டு, பளபளன்னு பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சிடுங்க. கோடை வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள கை மாறிடும்” என்றார். தாங்காது என்பதை அவரும் அறிவார். தாங்குவது போல் காட்டினால் போதும் என்பதே அவர் தொழில். ஈரச் சுவரின் மூச்சைப் பிளாஸ்டிக் பூச்சு அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் கொப்புளமாய்க் கிளம்பும். சுண்ணாம்போ சுவரை மூச்சுவிடச் செய்யும், விலையும் குறைவு. எனவே கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்த்து, வடிகட்டி, சிறிது பசையும் நீலமும் சேர்த்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு நாள் உலரவிட்டு அடித்தோம். குளிர்கால மழைக்கிடையே வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களை எண்ணி எண்ணிப் பயன்படுத்தினோம்.

செலவுக் கணக்கை மறைக்காமல் வைக்கிறோம். நம்மைப் போல் சிறுதொகையோடு நிற்கும் தோழர் எவருக்கேனும் உதவக்கூடும். தளத்தின் வடிநீர் வழியைத் திறந்து, வெடிப்புகளைக் கீறி, நீர்க்காப்புக் கலவை சேர்த்த சாந்தால் அடைக்க ரூ. 9,500. முகப்பின் துருவேறிய பகுதியைச் செப்பனிட ரூ. 8,000. சுண்ணாம்புக்கும் கூலிக்கும் ரூ. 7,600. பழுதான மின்கம்பிகளை மாற்ற ரூ. 4,000. கிணறு இறைக்கவும் குப்பை அகற்றவும் ரூ. 3,500. கீல், தாழ்ப்பாள், சன்னல் கொக்கி ரூ. 3,200. வில்லங்கச் சான்று முதலான ஆவணங்களுக்கு ரூ. 1,800. ஆக ரூ. 37,600. கூரையின் நீரை நிறுத்தாமல் சுவருக்கு வெள்ளையடிப்பது வீண். ஆகவே மேலிருந்து கீழாகவே வேலையைத் தொடங்கினோம். வீடு பார்க்க வருவோரை நண்பகலில் வரச் சொன்னோம். மார்கழி வெளிச்சம் குறுகியது, அந்நேரத்தில்தான் அறைகளுக்குள் முழுமையாக வரும். வெளிச்சத்தில் குறையும் தெரியுமே என்றார் தரகர். தெரியட்டும் என்றோம். அப்படிச் சொன்ன வாய், அதற்குச் சில நாட்களுக்கு முன் வேறு விதமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முகப்பைக் கொத்திப் பார்த்தபோது உள்ளே கம்பி பாதி இளைத்திருந்தது. துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளும்; அது வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்காற்றின் உப்பு அதற்குத் தூபம் போடும். போதாக்குறைக்கு, 1979-இல் செலவைக் குறைக்கக் கொத்தனார் உப்பங்கழி மணலைக் கலந்திருக்கிறார். அன்று மிச்சம் பிடித்த மணல், இன்று கம்பியைத் தின்கிறது. துருவைச் சுரண்டி, காப்புப் பூச்சுப் பூசி, புதுச்சாந்து வைத்தோம். “உள்ளே உப்பு இருக்கிறது, இது சில ஆண்டுகளே தாங்கும். பிறகு இடித்துத்தான் போட வேண்டும்” என்று பொறியியல் அறிந்த நண்பர் சொன்னார். புதுச்சாந்து உலர்ந்து வெள்ளையும் அடித்த பிறகு பார்த்தோம். குறை கண்ணுக்குத் தெரியவேயில்லை. அப்போது நம் மனம் சொன்னது: “தெரியவில்லையல்லவா? பேசாமலிரு.”

அதே வாரத்தில் தரகர் இன்னொரு யோசனையும் சொன்னார். “அக்காவுக்குத்தான் அப்பவே சீர் செஞ்சாச்சே சார்! எண்பத்தொன்பதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கே கிடையாது. கையில ஒரு அம்பதாயிரம் குடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடுங்க.”

நம் தமக்கையார் 1987-இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர், அச்சிறுபாக்கத்தில் வாழ்கிறார். தரகர் சொன்னது அரைகுறைச் சட்டம். கலைஞர் அரசு 1989-இல் கொண்டு வந்த திருத்தச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை தந்தது. 1989 மார்ச் 25-க்கு முன் மணமானவர்கள் அதில் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் இந்த வீடு பாட்டன் சொத்தன்று. தந்தையார் தம் ஊதியத்தில் வாங்கிக் கட்டியது. தாமே ஈட்டிய சொத்துக்கு உயில் எழுதாமல் ஒருவர் மறைந்தால், மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு என்று 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. குடியிருக்கும் வீட்டில் மகள் பிரிவினை கேட்க முடியாதென்று அச்சட்டத்திலிருந்த தடையும் 2005-இல் நீக்கப்பட்டது. தாயாரின் பங்கும் இருவருக்கும் சமமே. பாதி அவருக்கு, பாதி நமக்கு. ஐயத்துக்கே இடமில்லை.

சட்டம் நமக்குத் தெரியாதா? தெரியும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியதை எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம்! அறுபது ஆண்டுகள் கழித்து அது சட்டமானதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அன்று தரகர் சொன்னபோது, “கூடாது” என்ற சொல் உடனே வாயில் வரவில்லை. “பார்க்கலாம்” என்றோம். ஓர் இரவு முழுதும் அந்தப் ‘பார்க்கலாம்’ நம் தலையணைக்கடியில் கிடந்தது. கடன் இரண்டு இலட்சம். பாதி கொடுத்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்று மனம் கணக்குப் போட்டது. சீர் செய்தோமே என்று மனம் வழக்காடியது. அவர் வசதியாகத்தானே இருக்கிறார் என்று மனம் சாட்சி சொன்னது. மேடையிலே பெண்ணுரிமை பேசிய நாவு, வீட்டுக்குள்ளே ஊமையாயிற்று!

விடியற்காலையில் எழுந்து விளக்கைப் போட்டபோது, முன்னறைச் சுவரில், இரண்டாம் முறை தேய்த்த இடத்தில், உப்பு மீண்டும் பூத்திருந்தது. பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது: மேலே தேய்த்தால் போகாது, உள்ளே இருப்பது வெளியே வரவர அள்ளிக் கொட்ட வேண்டும். நம்முள்ளும் பழைய உப்பு இருக்கிறது, தோழர்களே. தலைமுறை தலைமுறையாய், ‘மகன் வீடு, மகள் விருந்தாளி’ என்று ஊறிய உப்பு. கறுப்புச் சட்டை அதற்கு மேலே அடித்த பளபளப்பான பூச்சாக இருந்துவிடக் கூடாதல்லவா?

அன்றே பேருந்து ஏறி அச்சிறுபாக்கம் சென்றோம். தரகர் சொன்னதையும், நாம் ‘பார்க்கலாம்’ என்றதையும் ஒளிக்காமல் சொன்னோம். தமக்கையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“நீ கேட்டிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், தம்பி. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

எத்தனை மேடைப் பேச்சுக்கு இணை அந்த ஒரு வார்த்தை! உரிமை ஏட்டில் இருக்கிறது, நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆனால் தம்பி கேட்டால் மறுக்கக் கூடாது என்னும் பழக்கம் அதைவிட ஆழத்தில் இருக்கிறது. நாடெங்கும் நாள்தோறும் எழுதப்படும் விடுதலைப் பத்திரங்களில் எத்தனை, இவ்வாறு அன்பின் பெயரால் பறிக்கப்பட்டவை? எவரும் மிரட்டவில்லை; எவரும் அடிக்கவில்லை; கேட்டார்கள், கொடுத்தாள் என்று முடிந்துவிடுகிறது. கேட்பதே குற்றம் என்பதை ஆண்கள் உணர வேண்டாமா?

தமக்கையார் அதோடு நிற்கவில்லை. “பாதி எனக்குன்னா, அம்மாவோட ஆஸ்பத்திரிக் கடன்லயும் பாதி எனக்குத்தான், வெள்ளையடிச்ச செலவுலயும் பாதி எனக்குத்தான். கணக்கை எழுது” என்றார். சம உரிமை என்றால் சமக் கடமை என்பதை நமக்குக் கற்றுக் கொடுத்தவர் பங்கு கேட்டவரல்லர், பங்கு கேளாதவர்!

அந்த முடிவுக்குப் பிறகு முகப்பைப் பற்றிய முடிவு எளிதாயிற்று. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாங்குவோர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை, விற்பவர் தாமே சொல்லியாக வேண்டும் என்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நாம் இதைச் செய்யவில்லை. அந்த முகப்பின் கீழ் நாளை ஒரு குழந்தை விளையாடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று, இந்தக் கரையைக் குளிர்காலம் தோறும் காற்று சோதித்துப் பார்க்கிறது. துருவேறிய கம்பி யார் வீடென்று கேட்டு விழுவதில்லை.

இதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. “பீடை மாசம், தை பொறக்கட்டும் சார்” என்றார் தரகர். ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது, மார்கழி ஆகாது என்று மூன்று மாதத்தைப் பஞ்சாங்கம் விழுங்கினால், மூன்று மாத வட்டி பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கடன்காரர் விழுங்குவார். பஞ்சாங்கக்காரரா வந்து கட்டப் போகிறார்?

மார்கழி என்று அஞ்சாமல் ஒருவர் வந்தார். திண்டிவனம் சந்தைக்கு மீன் கொண்டு சென்று விற்கும் அம்மையார். விடியுமுன் கூடை சுமந்து முப்பது ஆண்டுகள் சேர்த்த பணம். நண்பகல் வெளிச்சத்தில் அறை அறையாகப் பார்த்தார். முகப்பின் கீழ் அவரை நிறுத்தி, “அக்கா, இது பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே கம்பி இளைத்துவிட்டது. சில ஆண்டுகளில் இடித்துக் கட்ட வேண்டிவரும். சுவரிலும் உப்பு மறுபடி பூக்கும். தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மாடி எடுக்க நினைத்தால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளை முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள்” என்றோம். அவர் நம் முகத்தையே பார்த்தார். விற்க வந்தவன் குறை சொல்லி அவர் கேட்டதில்லை போலும்.

“நாலு வீடு பாத்துட்டேன் தம்பி. எல்லாரும் வெள்ளையத்தான் காட்டுனாங்க. நீ ஒருத்தன்தான் ஓட்டையக் காட்டுற” என்றார்.

பத்து இலட்சம் சொல்லியிருந்தோம். முகப்புச் செலவுக்கென்று நாற்பதாயிரம் குறைக்கக் கேட்டார். நியாயம். ரூ. 9,60,000 என்று முடிந்தது. வீடு அவர் பெயரிலேயே பதிவாகும்; பத்து இலட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் தம் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் வழங்கிய சலுகையால், அவருக்கு ரூ. 9,600 மிச்சம். நாம் குறைத்தது நாற்பதாயிரம். அரசு குறைத்தது ஒன்பதாயிரத்து அறுநூறு. பஞ்சாங்கம் இதுவரை எந்த ஏழைக்கு எவ்வளவு குறைத்திருக்கிறது?

“மார்கழியாச்சே, அக்கா, உங்களுக்குத் தடை இல்லையா?” என்று நாமே கேட்டுப் பார்த்தோம்.

“கடங்காரன் மார்கழின்னு வட்டியத் தள்ளுறானா, வாத்தியார் மவனே? மீனு மார்கழின்னு கரைக்கு வராம இருக்குதா?” என்றார்.

அந்த அம்மையார் நம் கூட்டங்களுக்கு வந்தவரல்லர். நெற்றியில் குங்குமமும் இருந்தது. ஆயினும் உழைப்பு அவருக்குக் கற்பித்த பகுத்தறிவு, நாம் நூல்களில் கற்றதற்கு எள்ளளவும் குறைந்ததன்று. மக்களிடம் சொல்ல நாம் போகிறோம் என்று எண்ணுகிறோமே, மக்களிடமிருந்து கேட்கவும் போக வேண்டாமா?

பதிவுக்கு நேரம் கேட்டபோது டிசம்பர் 24, புதன்கிழமை, பகல் 12.30 எளிதாகக் கிடைத்தது. கிடைக்காமலா போகும்? புதன்கிழமை 12 முதல் 1.30 வரை இராகு காலம், மாதமோ மார்கழி. முகூர்த்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுத்தும் கூட்டம் அலைமோதும் சார்பதிவாளர் அலுவலகத்தில், அன்று உட்கார நாற்காலி இருந்தது, குடிக்கத் தண்ணீர் இருந்தது, அலுவலருக்குப் பொறுமையும் இருந்தது. நாம் நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரார் ஒதுக்கிய நாள் நமக்கு வந்து சேர்ந்தது. அது 1973-இல் பெரியார் மறைந்த நாள் என்பதைத் தமக்கையார்தான் வாசலில் நினைவூட்டினார். விற்பவர் இருவர் என்ற இடத்தில் முதலில் அவர் கையெழுத்திட்டார், அடுத்து நாம். கடனும் செலவும் போக, ஆளுக்கு ரூ. 3,60,000. பங்கிட்டுக் கொண்டபோது, தம்பிக்கும் தமக்கைக்கும் இடையே சொல்ல முடியாத எதுவும் மிச்சமிருக்கவில்லை. மாளிகை விற்றவனுக்கும் அந்தச் செல்வம் கிடைக்குமா என்பது ஐயமே.

நாற்பதாயிரத்தில் மீந்தது ரூ. 2,400. தந்தையாரின் ஏடுகளுக்கு அலமாரி வாங்கினோம். இரும்பு அலமாரிதான் மலிவு என்றார்கள். இந்தக் கரையில் இரும்பின் கதையை நன்கு அறிந்துவிட்டோமாதலால், பழைய மர அலமாரி ஒன்றைத் தேடிப் பிடித்து, பக்கத்து ஊர்ப் படிப்பகத்தில் வைத்தோம். அங்கே மாலையில் இளைஞர்கள் வருகிறார்கள்.

அந்த இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்களும் வீடு விற்பீர்கள், வாங்குவீர்கள், பங்கு பிரிப்பீர்கள். கூரையை முதலில் பாருங்கள். சுவரைத் தேய்த்துப் பிறகு வெள்ளையடியுங்கள். குறையை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளும் கோளும் கேட்டு வட்டியை வளர்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், உங்கள் தமக்கையின் வீட்டுக்கோ தங்கையின் வீட்டுக்கோ பேருந்து ஏறுங்கள். செங்கற்பட்டுத் தீர்மானம் ஏறிய இடம் மாநாட்டு மேடை. அது இறங்கிச் சேர வேண்டிய இடம் உங்கள் வீட்டுப் பத்திரம்.